ரேகை வைத்த கை



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். வரலாறு என்றால் ராஜா, ராணி, கோட்டை, போர் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். எனக்கு ஞாபகம் வந்ததோ, நம்ம கூட்டத்தில் மேசை மேல் கிடக்கும் ஸ்டாம்ப் பேடு.

2001-ல் எங்கள் குழு ஆரம்பித்த அன்று, பேங்கில் கணக்குத் திறக்க எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் பாரம் எழுதினோம். இருபது பேரில் பாதிப் பேருக்குக் கையெழுத்துத் தெரியாது. வரிசையாக வந்து கட்டைவிரலை மையில் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே படுத்திருந்த எங்க அப்பத்தா எழுந்து வாசப்படிக்கு வந்தது. எண்பது தாண்டிய வயசு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எதுக்குடி ரேகை வாங்குறாக? யாரு வாங்கச் சொன்னா?” என்று கேட்டது. “பேங்குக்கு அப்பத்தா, கடன் குடுக்க” என்றேன். “முதல்ல அப்பிடித்தான் சொல்லுவாக” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பிறகு அதனிடமே கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்ம உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடபட்டி பக்கத்து அக்காமார் பல பேர் வீட்டிலும் இந்தக் கதை இருக்கும். மற்ற ஊர்க்காரர்களுக்குப் புதுசாக இருக்கலாம்.

பிறந்ததே குற்றம்

வெள்ளைக்கார அரசாங்கம் 1871-ல் ஒரு சட்டம் போட்டது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று அதற்குப் பேர். முதலில் வடக்கே சில பகுதிகளில் இருந்தது. 1911-ல் அதைத் திருத்தி நாடு முழுவதற்கும், நம்ம சென்னை மாகாணத்துக்கும் சேர்த்தார்கள். ஒருத்தன் என்ன செய்தான் என்று அந்தச் சட்டம் கேட்காது. எந்தச் சாதியில் பிறந்தான் என்றுதான் கேட்கும். தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி என்று இருக்கிற இந்த நாட்டில் திருடன் மகனும் திருடனாகத்தான் இருப்பான் என்பதுதான் சட்டம் கொண்டுவந்தவர்கள் சொன்ன நியாயம்.

இதை நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பிறப்பை வைத்து ஆளை எடைபோடும் புத்தி வெள்ளைக்காரன் கப்பலில் வந்தது இல்லை. அது ஏற்கெனவே இங்கே இருந்தது. அவன் அதை எடுத்துச் சட்டப் புத்தகத்தில் எழுதி, போலீசையும் ஜெயிலையும் பின்னால் நிறுத்தினான். அதுவரை வாய்ப்பேச்சாக இருந்தது அதற்குப் பிறகு அரசாங்க ரிக்கார்டு ஆகிவிட்டது.

மதுரைச் சீமையில் 1914-ல் கீழக்குடிக் கள்ளர்களைப் பதிந்தார்கள். அடுத்த சில வருஷங்களில் பிறமலைக் கள்ளர் ஊர்கள் எல்லாவற்றுக்கும் சட்டம் வந்தது. மறவர், குறவர், வலையர் என்று மாகாணத்தில் இன்னும் எத்தனையோ சமூகங்கள் அந்தப் பட்டியலில் ஏறின. வயசு வந்த ஆண்கள் பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதிய வேண்டும். அதனால்தான் ஜனங்கள் அதைக் ‘கைரேகைச் சட்டம்’ என்றே சொன்னார்கள். ராத்திரி ஆனால் சாவடியிலோ போலீஸ் சொன்ன இடத்திலோ போய்ப் படுக்க வேண்டும். வேறு ஊருக்குப் போக வேண்டுமானால் ‘ராதாரிச் சீட்டு’ வாங்கிக்கொண்டு போக வேண்டும். சீட்டு இல்லாமல் பிடிபட்டால் ஜெயில்.

திருட்டே இல்லையா?

இப்படி எழுதினால், “அப்ப யாருமே திருடலையா?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மறைக்காமல் சொல்கிறேன்.

பழைய காலத்தில் ஊர்க்காவல் என்று ஒரு முறை இருந்தது. காவல்காரர்கள் வயலையும் மாட்டையும் காப்பார்கள். களத்தில் ஒரு பங்கு நெல் வாங்கிக்கொள்வார்கள். களவு போனால் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லை ஈடு கட்ட வேண்டும். 1859-ல் சென்னை மாகாணத்தில் போலீஸ் சட்டம் வந்து, காவல் அரசாங்க வேலை ஆனது. அதுவரை காவலை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்கு மாற்றாக ஒன்றும் கொடுக்கவில்லை. நிலமோ வானம் பார்த்த பூமி. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறந்தார்கள். பென்னிகுயிக் படத்துக்கு இன்றைக்கும் மாலை போடுகிறோம், போட வேண்டியதுதான். அந்தத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கையும் மேலூர் பக்கத்தையும் பசுமையாக்கியது. உசிலம்பட்டி மேட்டுக்கு அன்றைக்கு அது ஏறவில்லை.

காவல்முறையும் சுத்தத் தங்கம் இல்லை. சில இடங்களில் காவல்கூலி கொடுக்காதவன் மாடு காணாமல் போகும். ‘துப்புக்கூலி’ கொடுத்தால் திரும்பி வரும். இதனால் மற்ற குடியானவர்கள் நொந்துபோனார்கள். 1890-களில் திண்டுக்கல், மதுரை பக்கத்து ஊர்களில் அவர்கள் ஒன்றுசேர்ந்து பணம் போட்டு ‘பண்டு’ வைத்து, கள்ளர் காவலே வேண்டாம் என்று கிளம்பினார்கள். சண்டை வந்து வீடுகள் எரிந்தன. இரண்டு பக்கமும் பெண்களும் பிள்ளைகளும்தான் தெருவில் நின்றிருப்பார்கள்.

ஆகவே களவு இருந்தது. களவு செய்தவனைப் பிடித்து விசாரித்துத் தண்டிப்பது எந்த அரசாங்கத்துக்கும் உள்ள வேலை. ஆனால் ஒருத்தன் செய்ததுக்கு ஒரு சாதியையே, பிறக்கப்போகும் பிள்ளை உள்பட, ரிஜிஸ்டரில் ஏற்றுவது வேறு. வேலை கொடுப்பதைவிட, தண்ணீர் கொடுப்பதைவிட, ரேகை வாங்குவது அரசாங்கத்துக்கு மலிவாக இருந்தது.

பெருங்காமநல்லூர்

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை எடுக்கப் போலீஸ் வந்தது. ஊர்ப் பெரியவர்கள், நாங்கள் உழுது பிழைக்கிறவர்கள், எங்கள் ஊரில் குற்றம் என்ன கண்டீர்கள், ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். பேச்சு முற்றியது. துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் செத்தார்கள்.

அந்தப் பதினாறில் ஒரு பெண், மாயக்காள். சுடுபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊரில் சொல்வார்கள். செத்தவர்களை வண்டியில் ஏற்றி உசிலம்பட்டிக்குக் கொண்டுபோய் ஒரே குழியில் புதைத்தார்கள் என்றும், மிஞ்சிய ஆண்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார்கள் என்றும் எங்க அப்பத்தா காலத்துச் சனங்கள் சொல்லி அழுவார்கள். இன்றைக்கு அந்த ஊரில் நினைவுத்தூண் நிற்கிறது. வருஷா வருஷம் ஏப்ரல் 3-ல் மாலை போடுகிறார்கள்.

பஞ்சாபில் ஜாலியன் வாலாபாக் படுகொலை நடந்தது 1919 ஏப்ரல் 13. அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட முடியவில்லை. அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நம்ம பக்கத்தில் நடந்தது பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சட்டம் வெள்ளைக்காரனுடையது. துப்பாக்கி பிடித்த போலீஸ்காரர்கள் பெரும்பாலும் நம்ம நாட்டு ஆட்கள்தான். சம்பளத்துக்கு வந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள். ஒரு ஏழையை வைத்து இன்னொரு ஏழையைச் சுடவைப்பதில்தான் அந்த அரசாங்கமே நடந்தது.

ராத்திரிகள்

ரேகை ஆண்கள் வைத்தார்கள். ஆனால் அந்தச் சட்டத்தைக் குடும்பம் நடத்தியது பெண்கள்.

எங்க அப்பத்தா கலியாணம் ஆகி வந்த காலத்தில் தாத்தா ராத்திரி சாவடியில்தான் படுப்பார். சாயங்காலம் கஞ்சியைக் குடித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். “ஊருல ஆம்பளையே இல்லாத ராத்திரி எப்பிடி இருக்கும் தெரியுமா? நாய் கொரைச்சாக்கூட எந்திரிச்சு உக்காந்துக்கிருவோம்” என்று அப்பத்தா சொல்லும். எங்க அப்பா பிறந்ததும் அப்படி ஒரு ராத்திரியில்தான். வலி கண்டபோது பக்கத்து வீட்டுப் பெரியாத்தாதான் ஓடிப்போய் மருத்துவச்சியைக் கூட்டிவந்தது. நூறடி தள்ளிச் சாவடியில் படுத்திருந்த தாத்தா, ஆம்பளப் பிள்ளை என்ற செய்தியை விடிந்த பிறகுதான் கேட்டார். “சந்தோசப்படலடி அந்த மனுசன். இவனும் ரேகை வைக்கணுமேன்னுதான் சொன்னாரு” என்று சொல்லும்போது, அத்தனை வருஷம் கழித்தும் அப்பத்தாவுக்குக் குரல் உடையும்.

மாமியார் வீடு, அம்மா வீடு என்று ஒரு சாவுக்குப் போக வேண்டுமென்றாலும் சீட்டு. சீட்டு வருவதற்குள் பிணம் எடுத்துவிடுவார்கள். வெளியூர்ச் சந்தைக்குப் போனால் எந்த ஊர் என்று கேட்டு, ஊர்ப் பேரைச் சொன்னதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வார்களாம். காசு இருக்கும் இடத்தை ஒளிக்கிறார்கள். அந்த அவமானம் ஜெயிலைவிடப் பெரிசு என்று அப்பத்தா சொல்லும்.

அரசாங்கம் வெறும் போலீசை மட்டும் அனுப்பவில்லை. ‘கள்ளர் சீரமைப்பு’ என்று ஒரு திட்டமும் வந்தது. பள்ளிக்கூடங்கள் திறந்தார்கள், கூட்டுறவுச் சங்கங்கள் வைத்தார்கள். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றைக்கும் நடக்கின்றன. அதில் படித்து வேலைக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. எங்க அப்பாவும் அதில்தான் படித்தார். அந்த நன்மையை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்பனைச் சாவடியில் அடைத்துவிட்டு மகனுக்குச் சிலேட்டு கொடுத்தார்கள். இரண்டையும் ஒரே கைதான் செய்தது என்பதையும் மறக்கக்கூடாது.

ஆண்டவர்களுக்கு என்ன ஆனது?

இத்தனையும் நமக்கு நடந்தது. இதைச் செய்தவர்கள் மட்டும் அப்படியே சுத்தமாக ஊர் திரும்பினார்களா என்று எனக்கு ஒரு கேள்வி. தேடிப் படித்ததில் இரண்டு விஷயம் கிடைத்தது.

ஒன்று, ரேகை. இது இங்கிலாந்தில் பிறந்து இங்கே வந்தது என்றுதான் நினைத்திருந்தேன். நடந்தது தலைகீழ். 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ரோட்டு வேலைக்குச் சரளைக்கல் கொடுக்க வந்த ஒரு காண்ட்ராக்டரிடம், பிறகு பேச்சு மாறாமல் இருக்கட்டும் என்று ஒப்பந்தத்தில் உள்ளங்கையைப் பதியவைத்தார். அதிலிருந்து வளர்ந்து, 1897-ல் கல்கத்தாவில் ரேகைக்கென்றே அலுவலகம் திறந்தார்கள். ஆயிரக்கணக்கான ரேகையில் ஒன்றைத் தேடி எடுக்கும் கணக்கைப் போட்டுக் கொடுத்ததில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களுக்குப் பெரும் பங்கு. பேர் என்னவோ மேலதிகாரி எட்வர்டு ஹென்றிக்குப் போனது. அதே ஹென்றி லண்டன் போய், 1901-ல் ஸ்காட்லாந்து யார்டு போலீசில் ரேகைப் பிரிவைத் தொடங்கினார். இங்கே நம்ம கையில் பழகிய மை அங்கே அவர்கள் ஜனங்கள் கையிலும் ஒட்டியது. அடுத்தவனை நம்பாமல் ஆளப் பழகிய அரசாங்கம் அந்தப் பழக்கத்தைக் கப்பல் ஏற்றித் தன் வீட்டுக்கும் கொண்டுபோனது.

இரண்டாவது, மனசு. ஜாலியன் வாலாபாக்கில் சுடச் சொன்ன டயரை வேலையிலிருந்து விலக்கினார்கள். இங்கிலாந்திலேயே பல பேர் அவரைக் கண்டித்தார்கள். ஆனால் 1920-ல் அங்கே ஒரு பத்திரிகை அவருக்காக நிதி திரட்டியது. சுமார் 26,000 பவுன் சேர்ந்தது. அவர்களுடைய பிரபுக்கள் சபையும் அவர் பக்கம்தான் ஓட்டுப் போட்டது. அந்தக் காசைப் போட்டவர்களில் கோயிலுக்குப் போகிறவர்கள், பிள்ளை வளர்க்கிறவர்கள், நம்மைப்போல் வாரம் வாரம் சேர்த்து வைத்தவர்களும் இருந்திருப்பார்கள். தூரத்தில் யாரோ செத்ததை நல்ல காரியம் என்று நம்பிக் காசு போட வைத்ததே, சாம்ராஜ்யம் அவர்களுக்குச் செய்த கேடு. நம்மிடமிருந்து அது எடுத்தவை கணக்கில் வரும். அவர்களிடமிருந்து எடுத்தது கணக்கில் வராது.

எல்லோரும் அப்படி ஆகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்டிலேயே நம்ம விடுதலைக்குப் பேசியவர்கள் இருந்தார்கள்.

சட்டம் போனது

கேரளத்துச் செங்கன்னூரில் பிறந்து, லண்டனில் பாரிஸ்டர் படித்து, மதுரையில் வக்கீலாக இருந்தவர் ஜார்ஜ் ஜோசப். கைரேகைச் சட்டத்தால் அடிபட்டவர்களுக்காகக் கோர்ட்டிலும் வெளியிலும் வாதாடினார். ஜோசப் என்ற பேர் ஜனங்கள் வாயில் ‘ரோசாப்பூ’ ஆகி, ‘ரோசாப்பூ துரை’ என்றே கூப்பிட்டார்கள். நம்ம பக்கத்தில் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பேர் வைத்த குடும்பங்கள் உண்டு. அவர் சாதியும் வேறு, மதமும் வேறு, ஊரும் வேறு. 1938-ல் மதுரையில் இறந்தார். முத்துராமலிங்கத் தேவர் உள்படப் பலரும் ஊர் ஊராகப் போய் இந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள். ரேகை வைக்க மறுத்து ஜெயிலுக்குப் போன பேர் தெரியாதவர்கள் எத்தனையோ பேர்.

1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது. நாடு முழுவதும் ரத்தானது 1952 ஆகஸ்ட் 31-ல். ‘சீர்மரபினர்’ என்று சர்டிபிகேட்டில் வருகிறதே, அது அந்தப் பட்டியலிலிருந்து விடுபட்ட சமூகங்களுக்கு அரசாங்கம் வைத்த பேர். முதல் ராத்திரி தாத்தா வீட்டிலேயே படுத்தபோது தூக்கம் வராமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாராம். விடியும்வரை யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்ற பயம்.

நம்ம நோட்டுப் புத்தகம்

இதையெல்லாம் நம்ம மலரில் எதற்கு எழுதுகிறேன் என்றால், போன வருஷம் எங்கள் வட்டாரக் கமிட்டியில் நடந்த ஒரு காரியத்துக்காக.

ஊருக்கு வெளியே ஒரு தெருவிலிருந்து ஒரு குழு பெருங்கடன் கேட்டு மனு கொடுத்திருந்தது. கமிட்டியில் ஒரு அக்கா, “அந்தத் தெரு ஆளுகளுக்குக் குடுத்தா திரும்பாது. அவுக வழக்கமே அப்பிடித்தான்” என்றார். இன்னும் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். தீர்மானப் புத்தகம் என் கையில். நான் வாயைத் திறக்கவில்லை. ‘பரிசீலனையில் வைக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அப்பத்தாவின் பேத்திதான் எழுதினேன்.

அடுத்த மாசக் கூட்டத்துக்கு அந்தக் குழுப் பிரதிநிதி வந்திருந்தது. சின்னப் பெண். பயப்படாமல் கேட்டது: “அக்கா, எங்க நோட்டைப் பாத்தீகளா, தெருவைப் பாத்தீகளா?” யாருக்கும் பதில் இல்லை. அங்கேயே அவர்கள் நோட்டை வாங்கிப் பிரித்தோம். சேமிப்பு, உள்கடன், வசூல் எல்லாம் வரிசையாக இருந்தது. எங்கள் குழு நோட்டில் இருந்த பாக்கிகூட அதில் இல்லை. அன்றைக்கே கடன் தீர்மானம் போட்டோம். தவணை ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. வராமல் போயிருந்தாலும் நாங்கள் முதலில் செய்தது தப்புதான். அவர்கள் செய்யாத ஒன்றுக்கு அவர்களைத் தண்டித்தோம்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அப்பத்தா கேட்ட “யாரு வாங்கச் சொன்னா?” என்பது மையைப் பற்றிய கேள்வி இல்லை. நம்ம கட்டைவிரலை நாம்தான் நம்ம சங்கத்துக்கு வைக்கிறோம். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். தாத்தாவுக்கு அது இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அதை நாம் விட்டுவிட்டால், ஆட்சி யாருடையதாக இருந்தாலும் அது பழைய ரிஜிஸ்டர்தான்.

கூட்டமைப்புக்கு என் கோரிக்கை இரண்டு. எந்தக் குழுவின் மனுவானாலும், அந்தக் குழுவின் நோட்டைப் பிரித்துப் படிக்காமல் தள்ளக்கூடாது என்று ஒரு தீர்மானம் போடுவோம். வரும் ஏப்ரல் 3-ல், எந்த ஊர், எந்தச் சாதி என்று பார்க்காமல், நம்ம பிரதிநிதிகள் ஒரு வேன் பிடித்துப் பெருங்காமநல்லூர் போய் மாயக்காளுக்கு ஒரு மாலை போட்டு வருவோம். பிள்ளைகளையும் கூட்டிப்போவோம்.

எங்க அப்பத்தா கடைசிக் காலத்தில் முதியோர் பணத்துக்கு மாசா மாசம் ரேகை வைத்தது. வைத்தவுடனே விரலைச் சேலையில் அழுத்தித் துடைத்துக்கொள்ளும். மை போன பிறகும் துடைத்துக்கொண்டே இருக்கும். இப்போது நம்ம கூட்டத்தில் யாராவது விரலைத் துடைக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வருகிறது.